ஆறு ஓட்டைக்குப் பதினான்கு மாதம்

பெண் பார்த்து, நிச்சயம் செய்து, கல்யாணம் முடித்து, முதல் பிள்ளைக்குப் பெயரும் வைத்துவிடலாம். அவ்வளவு காலம் ஒரு மனிதர் டிரில் மெஷினை எந்தக் கம்பெனியில் வாங்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தார் என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள். நம்பித்தான் ஆகவேண்டும். அவர் என் பக்கத்து வீட்டுக்காரர். மலேசியாவின் கேமரன் மலையில், எங்கள் தேயிலை எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் ஒரே சுவர். அவர் யோசித்த சத்தம் முழுவதையும் நான் காதாரக் கேட்டவள்.

பெயர் வாரண்டி அண்ணன். சொந்தப் பெயர் எனக்குத் தெரியும். எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்க்கிறவளுக்குத் தெரியாமலா போகும்? ஆனால் அந்தப் பெயரைச் சொன்னால் மலையில் ஒருவருக்கும் தெரியாது. ஒரு தடவை அந்தப் பெயருக்கு வந்த கடிதத்தை அவரிடம் கொடுத்தேன். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது யாரு தங்கச்சி, புதுசா வந்திருக்காங்களா?" என்று என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வாரண்டி கார்டை முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளிவரை படிக்கும் ஒரே மனிதர் அவர். பிறகு அந்தக் கார்டை மடிப்புக் கலையாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு, சாமி படத்துக்குப் பின்னால் வைப்பார். ரைஸ் குக்கர் பழுதானபோது அதில் வெந்தும் வேகாமலும் கிடந்த சோற்றோடு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார். சாட்சியாம். பிரிஞ்சாங் டவுனில், பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் குடை விற்றுக்கொண்டிருந்த பெண்ணிடம், "இதுக்கு எத்தன வருஷம்?" என்று கேட்டார். அந்தப் பெண் குடையைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள், "அங்கள், அந்த முக்கு வரைக்கும் கேரண்டி" என்றாள். அண்ணன் வாங்கவில்லை.

அவருக்கு பேக்டரியில் டீ ருசி பார்க்கும் அறையில் வேலை. ருசி பார்ப்பது அவர் இல்லை, அது எஸ்டேட்டை நடத்தும் துரை. அண்ணன் வெள்ளைக் கோப்பைகளை வரிசையாக அடுக்குவார், தூளை நிறுத்துப் போடுவார், கொதிக்கிற தண்ணீரை ஊற்றி மூடுவார், நேரம் முடிந்து மணி அடித்ததும் சாற்றைக் கிண்ணத்தில் வடிப்பார். துரை வந்து ஒவ்வொன்றையும் ஒரு கரண்டி எடுத்து, லயம் வரை கேட்கும்படி உறிஞ்சி, தொட்டியில் துப்பி, ஒரு வார்த்தை சொல்வார். அண்ணன் அதை எழுதிக்கொண்டு தொட்டியைத் தள்ளிக்கொண்டு போவார். முப்பது வருஷம் இதே வேலை. வீட்டில் டீயைக் கண்ணால் பார்க்கமாட்டார், கோப்பிதான்.

இந்த மனிதருக்கு டிரில் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் லயத்தில் குளியலறை பின்பக்கம். ஐந்து படி இறங்கவேண்டும். இங்கே வெயிலைவிடப் பனிமூட்டம் அதிகம் என்பதால் அந்தப் படிகளில் பாசி நிரந்தரக் குடித்தனம். அண்ணனின் மனைவி சரசு அண்ணிக்கு, காலமெல்லாம் மேட்டிலும் பள்ளத்திலும் கொழுந்து எடுத்து இரண்டு முட்டியும் போய்விட்டன. படி ஏறும்போது முருகனைக் கூப்பிடுவார், இறங்கும்போது புருஷனைத் திட்டுவார். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: சுவரோரமாகப் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி.

கம்பியை அண்ணன் மறுநாளே வாங்கிவிட்டார். நீளமான, நல்ல இரும்புக் குழாய். அதைத் தாங்க மூன்று பிடி, பிடிக்கு இரண்டு திருகு, ஆக மொத்தம் சுவரில் ஆறு ஓட்டை. எஸ்டேட் தச்சர் மாரியிடம் சொன்னால் கோப்பி ஆறுவதற்குள் முடித்திருப்பார். மாரி தானாகவே வந்து கேட்டார்.

"அண்ணே, என் மெஷின் சும்மாதான் கெடக்கு. அர மணி நேரம் லா. போட்டுக் குடுத்துர்றேன்."

"வேணாம் மாரி. வீட்டுக்குன்னு ஒண்ணு வேணும். இன்னிக்குக் கம்பி, நாளைக்கு அலமாரி, நாளான்னிக்குக் கதவு. எல்லாத்துக்கும் உன்னயவா கூப்பிடுறது?"

"சரி, அப்ப ஒண்ணு வாங்கிருங்க."

"அதான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

அங்கே பிடித்தது சனி. என்னதான் பார்க்கிறீர்கள் என்று ஒரு நாள் நான் வாயைக் கொடுத்துவிட்டேன். அண்ணன் என்னை உட்காரவைத்து விளக்கினார்.

"தங்கச்சி, வயர் இல்லாத டிரில் வாங்குறவன் டிரிலு வாங்குறதா நெனச்சிக்கிறான். கெடையாது. அவன் வாங்குறது பேட்டரி. ஒரு கம்பெனி பேட்டரி இன்னொரு கம்பெனி மெஷின்ல உக்காராது. இன்னிக்கு நீ பச்சை எடுத்தா, நாளைக்கு ரம்பமும் பச்ச, புல்லு வெட்டுறதும் பச்ச, ஊதுறதும் பச்ச. பொண்ணு எடுக்கிற மாதிரி. டிரிலு பொண்ணு. பேட்டரிதான் சம்பந்தி. காலத்துக்கும் அந்த வீட்டு வாசல்லதான் போயி நிக்கணும்."

"உங்களுக்கு ரம்பம் எதுக்குண்ணே?"

"இப்ப வேணாம். வேணும்னா?"

அவர் உலகத்தில் கம்பெனிகளுக்குப் பெயர் கிடையாது, நிறம்தான். பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு. சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் போனில் வீடியோ போட்டுவிடுவார். யாரோ ஒரு வெள்ளைக்காரர் கட்டையில் திருகு இறக்கிக்கொண்டே பேசுவார். பச்சைக்கு இழுவை அதிகம், மஞ்சளுக்குக் கனம் அதிகம், நீலம் சூடாவதில்லை என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஒரு நாள் ஆபீஸ் கடிதத்தில் 'உங்கள் கடிதம் கிடைத்தது' என்பதற்குப் பதில் 'பிரஷ் இல்லாத மோட்டார்' என்று அடித்துவைத்தேன்.

இடையில் இன்னொரு சந்தேகம் வந்துவிட்டது. லயத்துச் சுவர் எஸ்டேட்டின் சொத்து. ஓட்டை போடலாமா? துரைக்கு ஒரு மனு எழுதினார். அது என் மேசைக்குத்தான் வந்தது. 'சுவரில் ஆறு ஓட்டைகள் இட்டுக்கொள்ளத் தயவுகூர்ந்து அனுமதி வேண்டி' என்று ஆரம்பித்து, ஒவ்வோர் ஓட்டையின் அகலம், ஆழம், தரையிலிருந்து உயரம் எல்லாம் போட்டுப் படமும் வரைந்திருந்தார். துரை சின்ன வயசுக்காரர். படித்துவிட்டுத் தலையில் கைவைத்தார். "சொல்லுங்கம்மா அவருகிட்ட, அறுபது ஓட்டைகூடப் போட்டுக்கட்டும்." அண்ணனிடம் சொன்னேன். எழுத்தில் வேண்டும் என்றார். வாங்கிக் கொடுத்தேன். அதுவும் பிளாஸ்டிக் உறைக்குள் போய், சாமி படத்துக்குப் பின்னால் சேர்ந்தது.

பிரிஞ்சாங்கில் ஹார்ட்வேர் கடை வைத்திருக்கும் சீன முதலாளி, எங்கள் தவுக்கே, எங்களைவிட நன்றாகத் தமிழ் பேசுவார். வாரண்டி அண்ணன் வாசலில் தலைகாட்டினாலே அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டுவிடுவார். எப்படியும் மதியமாகும்.

"தவுக்கே, நாளைக்கு இந்தக் கம்பெனி மூடிட்டாங்கன்னா பேட்டரிக்கு நான் எங்க போறது?"

"அண்ணே, நீ இப்படியே கேட்டுக்கிட்டு இருந்தா மொதல்ல நான்தான் கடைய மூடுவேன்."

மாதங்கள் ஓடின. குழாய் வராந்தாவில் சாய்ந்து நின்றது. அண்ணி அதில் துணி காயப்போட ஆரம்பித்தார். ஒரு நாள் அண்ணன், தாளில் படிப்பது போதாது, ருசி பார்த்தாகவேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். உண்மையிலேயே ருசி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, லயத்து முற்றத்தில் பெஞ்சு போட்டு வெள்ளைத் துணி விரித்தார். ஐந்து டிரில் இரவல். பச்சை தச்சர் மாரியுடையது. நீலம் லெம்பா பெர்த்தாமில் தக்காளி போடும் தோட்டக்காரருடையது. மஞ்சளும் சிவப்பும் லயத்தில் இரண்டு வீட்டிலிருந்து. ஐந்தாவது, பெயரில்லாத பாசார் மாலாம் சரக்கு, என் வீட்டுடையது. நிறம் தெரிந்தால் மனசு சாயும் என்று எல்லாவற்றையும் செய்தித்தாளில் சுற்றி நம்பர் ஒட்டியிருந்தார். ருசி அறை மணியும் வந்திருந்தது. எழுதுவதற்கு என்னை உட்காரவைத்தார். அன்று அவர்தான் துரை, நான் வாரண்டி.

ஒவ்வொன்றுக்கும் ஒரே கட்டை, ஒரே அளவு, ஒரே நேரம். மணி அடித்ததும் நிறுத்துவார். காதை மெஷினிடம் கொண்டுபோய்க் கண்ணை மூடுவார். மூக்கை வைத்து மோட்டார் வாசனை பிடிப்பார். விழுந்த மரத்தூளைக் கோப்பை மூடியில் கொட்டி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். லயமே கூடிவிட்டது. யாரோ ஒருவர், "அண்ணே, துப்புறதுக்குத் தொட்டி வேணுமா?" என்று கேட்டார். அண்ணன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"எழுதிக்க தங்கச்சி. நம்பர் ஒண்ணு: சத்தம் இருக்கு, சாறு இல்ல. நம்பர் மூணு: மொதல்ல நல்லா வருது, கடைசில சப்புனு ஆயிருது. நம்பர் அஞ்சு..."

நம்பர் ஐந்திலிருந்து புகை வந்தது. அது என் வீட்டு மெஷின்.

"நம்பர் அஞ்சு: தீஞ்ச வாசன" என்றார் அமைதியாக. நான் அவரை முறைத்துக்கொண்டே எழுதினேன்.

கட்டை முடிந்து சுவர்ப் பரீட்சை. நம்பர் இரண்டை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குள் போனார். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவர் ஒன்பது அங்குலக் கனம் என்று சத்தியம் செய்திருந்தார். அவ்வளவு இல்லை. மறுபக்கம் என் வீட்டுக்காரர் நாற்காலியில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். டிரில் முனை எங்கள் நாட்காட்டியின் சித்திரை ஒன்றாம் தேதியைத் துளைத்துக்கொண்டு அவர் தலைக்கு மேலே எட்டிப் பார்த்தது. மனுஷர் நாட்காட்டியோடு முற்றத்துக்கு ஓடிவந்தார்.

"அண்ணே! ஒரு அடி கீழ எறங்கியிருந்தா என் மண்டைல ஓட்ட!"

அண்ணன் அந்தத் துளையை நாட்காட்டியோடு தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "ஓரம் கிழியல. பாத்தியா தங்கச்சி? எழுதிக்க. நம்பர் ரெண்டு: கடைசிவரைக்கும் ஒரே சாறு."

செய்தித்தாளைப் பிரித்தோம். நீலம். லயம் கை தட்டியது. அண்ணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "அப்ப இன்னிக்கே கம்பி போட்ருவீங்களா?" என்று கேட்டார். அந்த நேரம் பார்த்துத் தூறல் விழுந்தது. அண்ணன் வானத்தைப் பார்த்தார்.

"இன்னிக்கு ஈரக் காத்து சரசு. ஈரத்துல எடுத்த ருசிய வச்சுத் தீர்ப்பு சொல்லக்கூடாது. ஒரு காஞ்ச நாளாப் பாத்து இன்னொரு தடவ பாத்துரலாம்."

கேமரன் மலையில் காய்ந்த நாள்! கூட்டம் கலைந்துவிட்டது. அண்ணி குழாயில் காயப்போட்டிருந்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அதற்கு அடுத்த வாரம் அண்ணி பாசியில் வழுக்கினார். நல்லவேளை, எலும்பு முறியவில்லை. உட்கார்ந்தபடியே மூன்று படி இறங்கிக் கீழே போய்ச் சேர்ந்தார். நானும் அண்ணனும் தூக்கிவிட்டோம். சேலையைத் தட்டிக்கொண்டு உள்ளே போனவர் பையோடு வெளியே வந்தார். ஈப்போவில் மகள் வீடு இருக்கிறது.

"கம்பி ஏறுன அன்னிக்குக் கூப்பிடுங்க, வர்றேன். பேட்டரி என்னா கலருன்னு எனக்குச் சொல்ல வேணாம். கம்பி ஏறலன்னா கூப்பிடவே வேணாம்."

அழுதிருந்தால், கத்தியிருந்தால் தேவலை. அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். மாப்பிள்ளையின் கார் வந்தது, ஏறிப் போய்விட்டார்.

அண்ணன் இரண்டு மூன்று நாள் விசில் அடித்துக்கொண்டு திரிந்தார். அப்புறம் விசில் நின்றது. வீடியோ நின்றது. பசியாறினீர்களா என்று கேட்டால், "ஆச்சு தங்கச்சி" என்பார். அடுப்பு எரிந்த வாசனை இருக்காது. ஒரு மாதம் ஆயிற்று. ஒரு சாயங்காலம் பின்வாசல் மேல்படியில், குறிப்பெழுதிய நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. திட்டித் தீர்த்துவிட்டேன்.

"ஏண்ணே, ஒங்களுக்கு அண்ணி வேணுமா, இல்ல இந்த நோட்டு வேணுமா? மாரிகிட்டச் சொன்னா இன்னிக்கே போட்டுத் தருவான். நீங்கதான் நீலம்னு சொல்லிட்டீங்க. அப்புறம் என்னா லா?"

அவர் கோபப்படவில்லை. நோட்டையே பார்த்துக்கொண்டு பேசினார்.

"வேலைய எங்கப்பாவுக்காகப் பழைய துரை குடுத்தாரு. வீட்ட எஸ்டேட் குடுத்துச்சு. சரசுவ எங்கம்மா பாத்தாங்க. எது நல்ல டீன்னுகூட முப்பது வருஷத்துல ஒருத்தனும் என்னையக் கேட்டதில்ல தங்கச்சி. நானாப் பாத்து ஒண்ண எடுக்கிறது இதான் மொத தடவ. தப்பா எடுத்துட்டன்னா?"

நான் அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன்.

"அம்மா பாத்ததுல ஒண்ணும் தப்பாப் போகலியே, அந்த ஒண்ணயாச்சும் காப்பாத்திக்குங்க" என்று மட்டும் சொன்னேன்.

வந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அண்ணன் மோட்டார் சைக்கிளில் பிரிஞ்சாங் போனார். தவுக்கே ஸ்டூலை இழுத்துப் போட்டிருக்கிறார், அண்ணன் உட்காரவில்லையாம். "நீலம் ஒண்ணு குடு." தவுக்கே பயந்துபோய், "வீட்ல யாருக்காச்சும் ஏதாச்சுமா?" என்று கேட்டாராம். பெட்டியைக் கையில் வாங்கியதும், வாங்கிய சந்தோஷத்தில் அங்கிருந்தே ஈப்போவுக்குப் போன் அடித்துவிட்டார். "சரசு, கம்பி போட்டாச்சு, வா." போடப்போகிறேன் என்று சொல்லியிருக்கலாம். வாயில் அப்படி வந்துவிட்டது. மாப்பிள்ளைக்கும் அன்று லீவு. சாயங்காலமே அண்ணியைக் கொண்டுவந்து விடுகிறேன் என்று சொன்னாராம்.

மத்தியானம் அண்ணன் வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்தார். மெஷின் இருந்தது. நீலமாக, அழகாக, புது வாசனையோடு இருந்தது. பேட்டரி இல்லை. சார்ஜரும் இல்லை. பெட்டியின் பக்கவாட்டில், இது வெறும் மெஷின் மட்டும், பேட்டரி தனியாக வாங்கவேண்டும் என்று நான்கு மொழியில் அச்சடித்திருந்தது.

பதினான்கு மாதம் பேட்டரிதான் சம்பந்தி என்று எனக்குப் பாடம் எடுத்த மனிதர், சம்பந்தி இல்லாமல் கல்யாணத்தை முடித்துக்கொண்டு வந்து நிற்கிறார்!

"படிக்கலியாண்ணே?"

"இல்ல தங்கச்சி."

சோப்பு உறையில் இருப்பதைக்கூட விடாமல் படிக்கிறவர். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அண்ணி இல்லாத வீடு அவரை எந்த அளவுக்கு ஆட்டிவைத்திருக்கிறது என்று. சிரிக்க வந்தவள் சிரிக்கவில்லை.

கடைக்குப் போன் அடித்தோம். ஞாயிறு அரைநாள், சாத்திவிட்டார்கள். நீல பேட்டரி வைத்திருக்கும் தக்காளித் தோட்டக்காரர் லோரியோடு கோலாலம்பூர் போயிருந்தார். எந்த நிறமானாலும் சரி என்று அண்ணன் இறங்கிவந்தார். ஆனால் அன்று ரிங்லெட்டில் ஒரு கல்யாணம். மாரியிலிருந்து என் வீட்டுக்காரர்வரை லயம் மொத்தமும் அங்கே பந்தியில் உட்கார்ந்திருந்தது. மாரியின் போனை யாரும் எடுக்கவில்லை. எனக்குச் சளி, அதனால் போகவில்லை. என் வீட்டு மெஷின் எப்போதோ தீய்ந்த வாசனையாகிவிட்டது. அண்ணன் சுத்தியலும் ஆணியும் எடுத்து அடித்துப் பார்த்தார். தட்டு அளவுக்குப் பூச்சு பெயர்ந்து விழுந்தது, ஆணி மடங்கிக்கொண்டது. அதற்குள் வெளியே ஹாரன் சத்தம்.

அண்ணி வீட்டுக்குள் நுழையவில்லை. நேராகச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் வந்தார். பையை என் கையில் கொடுத்துவிட்டுப் படியைப் பார்த்தார்.

அண்ணன் நடுப்படியில், சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றார். குழாயின் மேல்முனை வாசல் நிலையில் அண்டக் கொடுத்திருந்தது. மற்றதெல்லாம் அவருடைய இரண்டு கையிலும் தொடையிலும். சரியாக அண்ணியின் கைக்கு எட்டும் உயரத்தில், படிக்கு ஏற்ற சாய்வில் பிடித்திருந்தார். மனுவில் வரைந்த அதே உயரம். தூறல் வேறு.

"கம்பி எங்க?"

"இந்தா."

"செவுத்துல போட்டாச்சுன்னீங்க?"

"இன்னிக்கு மட்டும் என் மேல போட்டிருக்கு. நாளைக்குச் செவுத்துக்கு மாத்திருவேன்."

அண்ணி அவரைப் பார்த்தார். பெயர்ந்த சுவரைப் பார்த்தார். கீழே மடங்கிக் கிடந்த ஆணிகளைப் பார்த்தார். அப்படியே திரும்பி அவர் காரில் ஏறினால் அண்ணன் தாங்கமாட்டார் என்று எனக்குத் தெரியும்.

"ஆடுமா?" என்று கேட்டார் அண்ணி.

"ஆடாது. புடி."

அண்ணி புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, குழாயைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். ஒவ்வொரு படிக்கும் அண்ணனின் கழுத்து நரம்பு புடைத்தது. கம்பி ஆடவில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சளி என்று முந்தானையால் துடைத்துக்கொண்டேன். அப்படி ஒரு கிறுக்கு மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. இன்னொருவர் எனக்கு வேண்டவும் வேண்டாம், அவர் ஒருவரே போதும்.

மறுநாள் பேட்டரி வந்தது. ஆறு ஓட்டையும் விழுந்தன. இரண்டு கொஞ்சம் கோணல். கம்பி இன்றைக்கும் அந்தச் சுவரில் அசையாமல் இருக்கிறது.

ஆனால் கம்பி அண்ணன் கையில் இருந்த அந்த முதல் நாள், இருட்டுவதற்குள், சரசு அண்ணி அந்தப் படியில் ஐந்து தடவை இறங்கி ஏறினார். குளியலறையில் அவ்வளவு வேலை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.